அறுபத்திரண்டு வீடும் காணாத கரடி

வீரகத்தியின் முகத்தில் இடப்பக்கம் பாதி இல்லை. 2016 ஆனி மாதம், பாலைப்பழம் பழுத்துச் சொரிகிற காலம், ஸ்கந்தபுரத்துக்கு மேற்கே காட்டுக்குள் தேன் பார்க்கப் போனவர் ஒரு பாலை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே பழம் தின்றுகொண்டிருந்த கரடி கீழே பார்த்தது. கரடிக்கு இறங்குகிற அவசரம், இவருக்கு ஓடுகிற அவசரம். இரண்டு அவசரமும் மரத்தடியில் முட்டிக்கொண்டதில் கன்னமும் இடது கண்ணும் காதில் ஒரு துண்டும் போய்விட்டன. லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்து ஒற்றைக் கண்ணோடும் ஒரு பக்கம் இழுபட்ட வாயோடும் வீடு வந்து சேர்ந்தார்.

அந்த மனிதர்தான் ஆறு வருடம் கழித்து, "இந்தப் பகுதியில் கரடி இல்லை" என்ற படிவத்தில் கையெழுத்து வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கரடியைத் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டு மறைத்தவர் இந்த வன்னியில் வீரகத்தி ஒருவர்தான்.

ஏன் மறைத்தார் என்றால், மூன்று ஏக்கர் தோட்டக்காணி. குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தகப்பன் வெட்டித் திருத்திய காணி அது. கடைசி யுத்தத்தில் ஊரே எழும்பிப் போய், இரண்டு வருடம் முகாமில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தபோது தோட்டத்தில் மரம் வளர்ந்திருந்தது. மரம் நின்றதால் அதைக் காடு என்று தீர்மானித்த வன இலாகாக்காரர்கள் எல்லைக் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். காணிப் பெர்மிற்றைக் காட்டு என்றால், அது பங்கருக்குள் உடுப்புப் பையோடு போய்விட்டது. ஐந்து வருடம் நடையாய் நடந்த பிறகு, "சரி, செய்யுங்கோ பாப்பம்" என்று ஒருவர் வாயால் சொன்னார். கல்லைப் பிடுங்கவில்லை, காகிதமும் தரவில்லை. அந்த வாய் வார்த்தையை நம்பித்தான் வீரகத்தி மிளகாய் நட்டுக்கொண்டிருந்தார். ஆகவே அவர் பயந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு செய்த கூத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூத்தை ஆட்டுவித்த அண்ணாவியார் கணபதி. கமக்கார அமைப்பின் தலைவர். அந்த 2022ஆம் வருடம் மாசியில் யானை நட்டஈட்டுப் படிவம் வந்தபோது கணபதியின் வாயிலிருந்து பதினெட்டு யானைகள் வரிசையாக வந்தன, அதில் இரண்டு கொம்பன். பயிரை மிதித்தன, வேலியை முறித்தன, ஒருவரின் கிணற்றுக்கட்டை உரசிச் சரித்தன. அதே வருடம் ஐப்பசியில், வனவிலங்குக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பதினெட்டையும் அவரே காட்டுக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்.

"கரடி எண்டு சொன்னா காடு எண்டுவாங்கள். காடு எண்டா கல்லுப் போடுவாங்கள்," என்றார் கூட்டத்தில். "பேந்து நாங்கள் எங்கை போறது? ஆர் வந்து கேட்டாலும் இஞ்சை ஒரு மிருகமும் இல்லை. கரடியும் இல்லை, யானையும் இல்லை. விளங்கிச்சோ?"

எல்லாருக்கும் விளங்கியது. இந்த ஊரில் ஒரு குளத்து வாய்க்காலைத் துப்புரவாக்க அறுபத்திரண்டு குடும்பமும் ஒன்றுசேர்ந்த சரித்திரம் கிடையாது. ஆனால் பொய் சொல்ல ஒருவர் பிந்தவில்லை.

கணக்கெடுக்க வந்த திட்டத்தின் பெருமையையும் சொல்ல வேண்டும். எந்த மிருகம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று நாட்டுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சிவப்புப் பட்டியல் என்பார்கள். அதில் கரடியை எந்தப் படியில் வைப்பது என்று திரும்பப் பார்ப்பதற்காக, தெற்கிலிருந்து கலாநிதிப் பட்டம் வாங்கிய ஒருவர், தொப்பியும் பத்துக் கமராவும் ஒரு கட்டுப் படிவமுமாக வந்து இறங்கினார். கரடி வெளியே தெரிவது ஆனி, ஆடியில், பாலைப்பழக் காலத்தில். கலாநிதிக்கு நிதி வந்தது ஐப்பசியில். எனவே கரடி கார்த்திகை மழைக்குள் கமராவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று திட்டம் போடப்பட்டது. படிவத்தில் பதினான்காம் கேள்வி: "கடந்த பன்னிரண்டு மாதத்தில் கரடியைக் கண்டீர்களா? ஆம், இல்லை." அவ்வளவுதான். மரத்தில் நகக்கீறல் கண்டீர்களா, புற்றுக் கிண்டியிருந்ததா, யாருக்காவது காயம் பட்டதா, ஒன்றும் கிடையாது.

படிவத்தோடு வீடு வீடாக வந்தவள் மேனுகா. வவுனியாப் பிள்ளை, விலங்கியல் படித்தவள், கெட்டிக்காரி. அவள் கையில் கொடுக்கப்பட்ட படிவத்துக்கு அந்தக் கெட்டித்தனம் தேவைப்படவில்லை. வீரகத்தி வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்து பதினான்காம் கேள்வியைக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. உந்தக் காட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

அவள் எழுதவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. முகத்திலை என்ன நடந்தது?"

"ஷெல்," என்றார் வீரகத்தி.

மேனுகா உடனே தலையைக் குனிந்தாள். வன்னியில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. கேட்டதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு, குறிப்பு என்ற இடத்தில் "ஷெல் காயம்" என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அவள் படலையைத் தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, குசினிக்குள்ளிருந்து இரஞ்சிதம் வந்தார். வீரகத்தியின் மனைவி. வலது இடுப்பில் உண்மையான ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் கால் போய்விடும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். மழைக்குளிருக்கு அவர் நடக்கிறதைப் பார்த்தால் தெரியும்.

"உங்களுக்கு எப்ப ஷெல் பட்டது?" என்று கேட்டார்.

"சும்மா இரும். காணிக்காகச் சொன்னது."

"செத்ததுகளும் நாங்களும் பட்டதை எடுத்து உங்கட மிளகாய்ப் பாத்திக்கு வேலி அடைக்கிறியள். நல்லாயிருக்கு."

வீரகத்திக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றதற்காகத் திருந்துகிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

கமரா கட்டக் காடு தெரிந்த ஆள் வேண்டும் என்று கலாநிதி கேட்டபோது, கணபதி யோசிக்காமல் வீரகத்தியைக் காட்டினார். அதிலும் ஒரு நியாயம் உண்டு. கரடி எந்தப் பாலையில் ஏறும், எந்தப் புற்றைக் கிண்டும், வெயிலுக்கு எந்தப் பற்றைக்குள் படுக்கும், குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு எந்தத் தடத்தால் தண்ணிக்குப் போகும் என்று அந்தப் பக்கத்தில் வீரகத்திக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது. கரடி போகாத இடமும் அவருக்குத்தான் தெரியும். பத்துக் கமராவையும் அங்கேதான் கட்டினார். மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஓடுகிற குளக்கட்டில் மூன்று, விறகுப் பாதையில் நாலு, மழைக்கு வெள்ளம் நிற்கிற பள்ளத்தில் மூன்று. கலாநிதிக்கு மெத்தச் சந்தோஷம். எல்லா இடத்துக்கும் வாகனம் போனது, ஒரு நாளில் வேலை முடிந்தது. காட்டைத் தெரிந்தவனிடம் காட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், "அதிலை கட்டுங்கோ, இதிலை கட்டுங்கோ" என்று வேலை வாங்குவதும் ஒரு படிப்புத்தான் போலிருக்கிறது.

முப்பது நாள் கழித்துக் கமராவைக் கழற்றினார்கள். மாடு, மீன்காரர், விறகுக்காரர், கணபதியின் மச்சான் ஒருவர் களவாக வெட்டிய முதிரைக்குற்றியோடு. கரடி இல்லை. இரண்டு கமராவுக்குள் முதல் கிழமையே மழைத்தண்ணி போயிருந்தது. ஒன்றை யானை பிடுங்கி மிதித்திருந்தது, ஊரில் இல்லாத யானைகளில் ஒன்று.

வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று மேனுகா கலாநிதியோடு வாதாடியதை வீரகத்தி கேட்டுக்கொண்டு நின்றார்.

"சேர், இந்த மூண்டும் இருபது நாளுக்கு மேலை வேலை செய்யேல்லை. அந்த நாளுகளுக்கு 'கரடி இல்லை' எண்டு போட ஏலாது. 'பாக்கேல்லை' எண்டுதான் போடவேணும்."

"வெற்று இடம் விட்டால் கணினி ஏற்காது. பூச்சியம் போடுங்கள்."

"பழைய கணக்கெடுப்பிலையும் இப்பிடித்தான் சேர் நடந்திருக்கு. யுத்த நேரம் இஞ்சாலை ஒருத்தரும் வரேல்லை. வராத இடத்துக்குப் பூச்சியம் போட்டு வைச்சிருக்கினம். இப்ப நாங்களும் பூச்சியம் போட்டால், அப்பவும் பூச்சியம், இப்பவும் பூச்சியம், கரடி குறையேல்லை எண்டு வரும். அழியிறது அழியிறதெண்டே தெரியாமல் போகும்."

"அறுபத்திரண்டு வீடும் இல்லை என்று சொல்லியிருக்கிறது, மேனுகா. இவ்வளவு சீரான தரவு எனக்கு எந்த மாவட்டத்திலும் கிடைத்ததில்லை."

அறுபத்திரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கே தெரியும். கலாநிதிக்குத் தெரியவில்லை.

மேனுகா விடவில்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு தன்பாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய், அனுமதி எழுதி வாங்கி, பழைய பதிவுகளைப் பார்த்தாள். மிருகம் தாக்கிக் காயப்பட்டு வந்தவர்களின் பதிவு. ஒரு மாதம் கழித்து வீரகத்தியின் வீட்டுக்கு மறுபடி வந்தாள். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை.

"ஐயா, 2016 ஆனி பத்தொன்பது. சின்னத்தம்பி வீரகத்தி. கரடி தாக்கிய காயம். நீங்கள்தானே?"

வீரகத்தி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"நான் சண்டைக்கு வரேல்லை ஐயா. ஏன் சொல்லேல்லை எண்டு விளங்குது. ஆனா அறிக்கை இன்னும் மூண்டு கிழமையிலை முடியுது. திருத்தின படிவத்திலை ஒரு கையெழுத்து வைச்சியள் எண்டால், ஆஸ்பத்திரிப் பதிவையும் சேர்த்து, இந்த இடத்தைத் திரும்ப ஆனியிலை பாக்கச் சொல்லி நான் எழுதுவன். ஆரின்ரை காணி எண்டது வெளியிலை போகாது. பேருக்குப் பதிலா ஒரு இலக்கம் போடலாம்."

"காணியை விட்டுத் தருவினமே?"

"அது என்ரை கையிலை இல்லை ஐயா. பொய் சொல்ல மாட்டன்."

இரஞ்சிதம் சொன்னார்: "வைச்சு விடுங்கோ. அந்தப் பிள்ளை ஒருத்திதான் உங்களிட்டை உண்மையைக் கேட்டு வந்திருக்கு."

வீரகத்தி பேனாவைக் கையில் எடுத்ததும் உண்மைதான். அந்த நேரம் பார்த்து, சிவபூசையில் கரடி புகுந்ததுபோல், கணபதி சைக்கிளில் வந்து படலையில் கால் ஊன்றினார். ஒன்றும் கேட்கவில்லை. "என்ன வீரகத்தியண்ணை, மிளகாய் நல்லாக் காய்ச்சிருக்காம்," என்று மட்டும் சொன்னார். வீரகத்தி பேனாவைக் கீழே வைத்தார்.

அறிக்கை வெளியானது. அதைப் படித்துக் காட்டிய கூட்டத்தைக் கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்து மண்டபத்தில் வைத்தார்கள். அந்தச் சந்திக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு இருந்த கண் படித்தவர்களுக்கு இல்லாமல் போனது. ஸ்கந்தபுரத்துக்கு மேற்குக் காடு: கரடி இல்லை, முன்பும் இல்லை, மாற்றம் இல்லை. பட்டியலில் கரடி இருந்த படியிலேயே இருக்கலாம். ஊர்க்காரர் கை தட்டினார்கள். வீரகத்தியும் தட்டினார். மேனுகா அந்த வேலையை விட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஒரு வருடம் ஊர் நிம்மதியாக நித்திரை கொண்டது. பிறகு, 2024 பங்குனியில், தெருவோரத்தில் ஒரு பலகை முளைத்தது. நானூறு ஏக்கர், மரமுந்திரிகைத் தோட்டம், கம்பனி ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகை. ஆபத்தில் உள்ள எந்த விலங்கும் இந்தக் காட்டில் இல்லை என்று கணக்கெடுப்பில் உறுதியாகியிருப்பதால் காட்டை விடுவிப்பதில் தடையில்லை. இதைக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் வீரகத்தியின் மூன்று ஏக்கரும் உள்ளே இருந்தது. கல் பிடுங்கப்படாத காணி காகிதத்தில் காடுதானே. கரடிக்குக் காணி போய்விடும் என்று பயந்து கரடியை இல்லையென்ற ஊர், கரடி இல்லாத காரணத்தாலேயே காணியைத் தொலைத்தது. இலாகா கல்லைத்தான் போட்டது, மிளகாயை நட விட்டது. கம்பனி முள்ளுக்கம்பி அடித்தது.

ஆட்சேபனை இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று ஒரு நாள் குறித்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீரகத்தி போனார். அதிகாரி மரியாதையானவர், கதிரை காட்டினார்.

"அதுக்குள்ளை கரடி இருக்குது ஐயா. பத்துப் பதினைஞ்சு இருக்கும். தடம் எல்லாம் எனக்குத் தெரியும். வாங்கோ, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"கரடி இல்லை எண்டிருக்கு."

"அது பொய், ஐயா. இந்த முகத்தைப் பாருங்கோ. கரடி அடிச்சது."

அதிகாரி தாளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதிலை ஷெல் காயம் எண்டு எழுதிக் கிடக்கு. ஐயா, காணி போற நேரம் காயத்தை மாத்திச் சொன்னால் நான் எதை நம்புறது?"

நம்பாததில் பிழையில்லை. வீரகத்தி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றார். அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. ஒரு கண்ணால்தான் அழ முடிந்தது.

புல்டோசர் வந்தது. பாலையும் வீரையும் விழுந்தன. எழுபது ஏக்கரை வெட்டிக் கன்று வைத்தார்கள், மிச்சத்தைப் பிறகு வெட்டுவதாக விட்டார்கள். மிச்சக் காட்டுக்குள் ஒடுங்கிய கரடிகள், விடிகாலையில் கறையான் புற்றைத் தேடிக் கன்றுகளுக்கிடையில் கிண்டத் தொடங்கின. கம்பனியின் மனேச்சர் உடனே காவலாளி தேடினார். கணபதிக்குத் தலைமைக் காவல் கிடைத்தது, அப்படிப்பட்டவர்கள் எந்தப் பூமியிலும் முளைத்துவிடுவார்கள். அவர் வீரகத்தியையும் சேர்த்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மனேச்சர் ஒரு தடித்த கொப்பியைக் கொடுத்தார். அதில் கோடு போட்டிருந்தது: திகதி, நேரம், இடம், எத்தனை கரடி, குட்டி உண்டா, எந்தப் பக்கத்தால் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது.

"போய்ப் பாத்துக் காணாட்டி 'பாத்தேன், காணேல்லை' எண்டு எழுதவேணும்," என்றார் மனேச்சர். "போகாத நாளுக்கு 'போகேல்லை' எண்டு எழுதவேணும். ரெண்டையும் மாத்தி எழுதினால் வேலை போகும். எனக்குச் சரியான கணக்கு வேணும்."

ஏட்டுப் படிப்பில்லாத ஒரு தோட்ட மனேச்சருக்கு, நட்டம் தன் பைக்குள் கை வைத்ததும், தொப்பி போட்ட கலாநிதிக்குக் கடைசிவரை ஏறாதது ஒரே நாளில் ஏறிவிட்டது. பன்னிரண்டு மாதமும், மழையோ வெயிலோ, ஒரு காலையும் விடாமல், கரடியை முழுக்கத் தெரிந்த ஒரு மனிதரின் கையால் எழுதப்படுகிற கணக்கு. இந்த நாட்டில் அதைவிடத் திறமான கரடிக் கணக்கு வேறு எங்கும் இருக்காது. வீரகத்தி அதில் ஒரு பொய்யும் எழுதவில்லை. காணி போன பிறகுதான் அவருக்கு உண்மை சொல்ல வசதி வந்தது.

இந்த வருடம் ஆவணியில் மேனுகா போன் எடுத்தாள். இப்போது முல்லைத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பட்டியலைத் திரும்பவும் பார்க்கிறார்களாம், வெளியாரும் தரவு அனுப்பலாமாம். வீரகத்தியின் கரடிக் கொப்பியைப் பற்றி அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஐயா, அந்தக் கொப்பியை ரெண்டு நாளைக்குத் தாங்கோ. படம் எடுத்துப்போட்டுத் திருப்பித் தாறன். ஒரு வருஷக் கணக்கெண்டால் ஒருத்தரும் மறுக்க மாட்டினம். மிச்சக் காட்டையாவது வெட்டாமல் நிப்பாட்டலாம்."

வீரகத்தி படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அது கம்பனியின்ரை கொப்பி, பிள்ளை. தந்தது தெரிஞ்சால் வேலை போயிடும்."

மறுமுனையில் மேனுகா "சரி ஐயா" என்று சொல்லிப் போனை வைத்தாள். இரஞ்சிதம் சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மூண்டு ஏக்கர் காணி," என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "இப்ப ஒரு காக்கிச் சேட்டு. அடுத்தமுறை ஆரும் உங்களை விலைக்குக் கேட்டால், ஒரு பிளேன்ரீயோடை முடியும்."

அடுத்த நாள் காலை ஆறரை மணிக்கு, தகப்பனின் கிணறு தூர்ந்து கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று வீரகத்தி எழுதினார்: பெரியது ஒன்று, முதுகில் குட்டி இரண்டு, வடக்கால் வந்தது, பத்து நிமிடம் நின்றது. வெட்டக் குறி வைத்திருந்த காட்டுக்குள் திரும்பிப் போனது என்பதையும் மறக்காமல் எழுதினார். கீழே கையெழுத்து வைத்து, கம்பனிக் கந்தோருக்குக் கொண்டுபோய், மனேச்சரின் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.